ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

1729-ஐப் பற்றி ஒரு கட்டுரையாவது இல்லாத கல்லூரி மலரை நான் பார்த்ததில்லை. டாக்சி, ஆஸ்பத்திரிக் கட்டில், ஹார்டி சொன்னது, ராமானுஜன் சொன்ன பதில் எல்லாம் நமக்கு மனப்பாடம். அதனால் அதை இங்கே மறுபடியும் எழுதப்போவதில்லை. நான் எடுத்துக்கொண்டது அதே ராமானுஜன் சம்பந்தப்பட்ட வேறோர் எண். இது அவர் சொன்ன எண் அல்ல, சொல்லாமல் விட்டுப்போன எண்.

293318625600.

நம் வழக்கப்படி படித்தால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. மொத்தம் 12 இலக்கம். நாம் வகுப்பில் வைத்திருக்கும் சயின்டிபிக் கால்குலேட்டர் பத்து இலக்கத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் பத்தின் அடுக்காகத்தான் காட்டும். ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் பெருக்கல்கள் எல்லாம் ரஃப் நோட்டில் கையால் போட்டவை. நீங்களும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் நல்லது.

போடியில் பிறந்தவர்களுக்கு ஏலக்காயை வைத்துச் சொன்னால்தான் எதுவும் சட்டென்று ஏறும். எங்கள் அம்மா ஏலக்காய்க் கடை ஒன்றில் காய் பிரிக்கும் வேலை செய்கிறார். ஒரு முறத்தில் 12 காயை எடுத்துச் செவ்வகமாக அடுக்கிப் பாருங்கள். ஒரே வரிசையில் பன்னிரண்டு வைக்கலாம்; இரண்டு வரிசையில் ஆறாறு வைக்கலாம்; மூன்று வரிசையில் நான்கு நான்காக வைக்கலாம். ஆகவே 12-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு. இன்னும் ஒரு காயைச் சேர்த்து 13 ஆக்கினால் கதை முடிந்தது. ஒரே நீள வரிசைதான், வேறு வழியே கிடையாது. 12-க்கு 6 வகுத்திகள், 13-க்கு 2 வகுத்திகள் என்று சொல்கிறோம். 13 போன்றவை பகா எண்கள்.

பகா எண்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ராமானுஜன் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போனார். எந்த எண்ணுக்கு மிக அதிகமான வகுத்திகள் இருக்கின்றன என்று கேட்டார். ஓர் எண்ணுக்கு, தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் விட அதிக வகுத்திகள் இருந்தால் அதற்கு ஒரு தனிப்பெயர் கொடுத்தார். தமிழில் அதை மிகுபகு எண் என்று வைத்துக்கொள்ளலாம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று தொடங்கும் வரிசை அது. 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் 6 வகுத்திகள் கிடையாது. அதனால் 12 உள்ளே. 18-க்கும் 6 வகுத்திகள் உண்டு, ஆனால் 12 முந்திக்கொண்டதால் 18 வெளியே. புதிய ரெக்கார்டு வைத்தால்தான் இடம் என்பது சட்டம்.

இது வெறும் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை. இந்த மூன்றும் மிகுபகு எண்கள்தான். நம் முன்னோர் நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள். பங்கு போடச் சுலபமான எண்ணை மனிதன் எங்கும் தேடியிருக்கிறான். 1957-க்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக 192 பை. 192-க்கு 14 வகுத்திகள். புதுப்பைசா வந்தபின் 100. அதற்கு 9 தான். மூன்று பேருக்கு ஒரு ரூபாயைப் பிரிக்க அப்போது முடிந்தது, இப்போது முடியாது. நம் பழைய தமிழ்ப் பின்னக் கணக்கில் முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு. 320-க்கும் 14 வகுத்திகள் உண்டு. ஆனால் அதிலும் மூன்றால் வகுபடாத குறை இருக்கிறது. அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் முந்திரியில் வரும். மூன்றில் ஒரு பங்கு வராது. அந்த விஷயத்தில் அணா கெட்டிக்கார நாணயம் என்றே சொல்வேன்.

இனி வகுத்திகளை ஒவ்வொன்றாக எழுதாமல் எண்ணும் வழி. பத்தாம் வகுப்பில் படித்த பகாக் காரணிப்படுத்தல் இருந்தால் போதும். 12 = 2² × 3. ஒரு வகுத்தியை உண்டாக்க 2-ஐ எத்தனை எடுப்பது? ஒன்றுமே எடுக்காமல், ஒன்று, இரண்டு என்று மூன்று வழி. 3-ஐ எடுக்காமல் விடலாம் அல்லது எடுக்கலாம், இரண்டு வழி. 3 × 2 = 6. அதாவது ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி எல்லாவற்றையும் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை வந்துவிடும். அவ்வளவுதான் சூத்திரம்.

இதை நம் பெரிய எண்ணுக்குப் போடுவோம்.

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் 7, 5, 3, 3, 2, 2, 2, 2. பெருக்கினால் 5040.

ஐயாயிரத்து நாற்பது வகுத்திகள்! வகுத்திகள் ஜோடி ஜோடியாக வரும் (12-க்கு ஒன்றும் பன்னிரண்டும், இரண்டும் ஆறும் போல). ஆக 2520 ஜோடிகள். 2520 என்பது 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். 5040 என்பது 1 முதல் 7 வரை பெருக்கினால் வருவது. இந்த 2520-ம் 5040-ம் தாங்களே மிகுபகு எண்கள். 5040-க்கு 60 வகுத்திகள், 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4. இப்படிக் கீழே இறங்கினாலும் மிகுபகு எண்களாகவே வந்துகொண்டிருக்கிறது. 4-க்கு 3 என்று வரும்போதுதான் சங்கிலி அறுகிறது.

இன்னொன்று. 1 முதல் 36 வரை ஒவ்வோர் எண்ணாலும் இதை வகுத்துப் பாருங்கள். 23, 29, 31 ஆகிய மூன்றைத் தவிர மற்ற 33 எண்களும் மீதியில்லாமல் வகுக்கும். போடிமெட்டுக்குப் போகும் பாதையின் கொண்டை ஊசி வளைவு 17, அதாலும் வகுபடும். இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது அம்மா கையில் இருந்த காயைப் பார்த்துக்கொண்டே, "அம்புட்டுப் பேருக்குப் பங்கு போட யாருகிட்டடா இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை.

சரி, இதில் ராமானுஜன் எங்கே வருகிறார்?

1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. படிக்கும்போது கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காமல் விட்டதால் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. நம்மைப் போல அரியர் வைத்துக்கொண்டு அடுத்த செமஸ்டருக்குத் தாவும் வழி இருந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. 1914 மார்ச்சில் கப்பல் ஏறி கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார். 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் இந்த மிகுபகு எண்களைப் பற்றி அறுபது பக்கத்துக்கு மேல் நீளும் கட்டுரை வெளியாயிற்று. அந்த ஆராய்ச்சிக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. இங்கே எஃப்.ஏ. தேறாதவருக்கு அங்கே பட்டம் வாங்கிக் கொடுத்தது முறத்தில் காய் அடுக்குகிற இந்தக் கணக்குதான். கட்டுரை முழுவதும் அச்சாகவில்லை என்பது இன்னொரு சேதி. சங்கத்துக்குப் பணமுடை இருந்ததால் ஒரு பகுதி நின்றுபோய், அது 1997-ல்தான் நிக்கோலஸ், ராபின் என்ற இரு பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் குறிப்புகளோடு ஒழுங்காக வெளிவந்தது.

1915 கட்டுரையில் ஒரு பட்டியல் இருக்கிறது. 102 மிகுபகு எண்கள். கடைசி எண் 6746328388800, அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கை வேலை. அந்த எல்லைக்குள் உண்மையில் இருப்பவை 103. விடுபட்ட ஒன்றுதான் நம் 293318625600.

இதை முதலில் ஒரு புத்தகத்தில் ஒற்றை வரியாகப் படித்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. ராமானுஜனையே குறை சொல்கிறானே என்று இருந்தது. அப்புறம்தான் வேறு யோசனை வந்தது. அம்மா வேலை பார்க்கும் இடத்தில், பிரித்த குவியலில் சின்னக் காய் கலந்திருந்தால் மொத்தத்தையும் மறுபடி பிரிக்கச் சொல்வார்கள்; அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. அதனால் எட்டு எம்எம் குவியலைப் பார்த்து "இதுல கலப்பு இருக்கு" என்று யாராவது சொன்னால் அம்மா அப்படியே தலையாட்ட மாட்டார். "எந்தக் காயி, எடுத்துக் காட்டு" என்பார். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரை வந்தவன் நான்தான். பாடத்தில் சந்தேகம் என்றால் கேட்க வீட்டில் ஆள் இல்லை. எதையும் போட்டுப் பார்த்துத்தான் நம்புவது பழக்கமாகிவிட்டது. ஆகவே புத்தகம் சொன்னதை விட்டுவிட்டு, இந்த எண் பட்டியலில் இருக்க வேண்டியதுதானா என்று நாமே பார்க்க முடியுமா என்று உட்கார்ந்தேன். முடியும் என்று தெரிந்தது. எங்கள் கணக்கு சாரும் பார்த்துச் சரி என்றார்.

முதலில் அக்கம்பக்கத்தைப் பார்ப்போம். பட்டியலில் இதற்கு முன்னால் இருப்பது 240940299600, அதற்கு 4800 வகுத்திகள். பின்னால் இருப்பது 321253732800, அதற்கு 5376. பின்னது முன்னதைப் போல மிகச் சரியாக 1⅓ மடங்கு. இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்த்தே ராமானுஜனுக்குச் சந்தேகம் வந்திருக்கக்கூடாதா என்று கேட்கலாம். வந்திருக்காது. ஏனென்றால் 240940299600 என்பதே தனக்கு முந்தைய 160626866400-ஐப் போல ஒன்றரை மடங்கு. அதைவிட இது சின்ன இடைவெளிதான். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த மூன்று எண்களிலும் 23 என்ற பகா எண் காரணியாக இருக்கிறது. விடுபட்டதில் 23 இல்லை, 19-ஓடு நின்றுவிடுகிறது. 23-ஐச் சேர்த்துக்கொண்ட மூன்று எண்களின் வரிசையில் 23 இல்லாத ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

23 கொஞ்சம் தொல்லை பிடித்த எண் என்பது மெக்கானிக்கல் பசங்களுக்குத் தெரியும். மில்லிங் மெஷினில் இண்டெக்சிங் ஹெட் வைத்துப் பல்சக்கரம் வெட்டும்போது கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் வேலைத்துண்டு ஒரு சுற்று சுற்றும். 24 பல் வேண்டுமென்றால் 40-ஐ 24-ஆல் வகுத்து, ஒரு முழுச் சுற்றும் மூன்றில் இரண்டு பங்கும். 18 துளை வட்டத்தில் 12 துளை நகர்த்தினால் முடிந்தது; 15 துளை வட்டம் என்றால் 10 துளை. எப்படி வேண்டுமானாலும் வளைந்து கொடுக்கும். 23 பல் என்றால்? ஒரு சுற்றும் 23-ல் 17 பங்கும். அதற்கென்றே 23 துளை வட்டம் உள்ள தகட்டைத் தேடி மாட்ட வேண்டும். (நம் பெரிய எண்ணை 23-ஆல் வகுத்தாலும் மீதி 17 தான் வருகிறது. தற்செயல்தான், ஆனாலும் சிரிப்பு வந்தது.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்துப் பாருங்கள்.

6746328388800 ÷ 23 = 293318625600

விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் கடைசி எண்! கடைசி எண்ணின் வகுத்திகள் 5040-ன் இரட்டிப்பாக 10080. விட்டுப்போனதற்கான சாட்சி அந்தப் பட்டியலிலேயே கடைசி வரியில் இருந்திருக்கிறது.

ஆனால் ஒன்று. மிகுபகு எண்ணை 23-ஆல் வகுத்தால் வருவதும் மிகுபகு எண்ணாகத்தான் இருக்கும் என்று சட்டம் ஏதும் இல்லை. ஆகவே நிரூபிக்க வேண்டும். நம் எண்ணைவிடச் சிறியதாக, 5040 அல்லது அதற்கு மேல் வகுத்திகள் கொண்ட ஒரு போட்டி எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 23 காரணியாக இருக்கலாம் அல்லது இல்லாமலிருக்கலாம்.

இல்லை என்றால் வேலை சுலபம். போட்டி எண்ணை 23-ஆல் பெருக்குங்கள். புதிதாக ஒரு பகா எண் சேர்வதால் வகுத்திகள் இரட்டிப்பாகி 10080 அல்லது அதற்கு மேல் ஆகும். ஆனால் அந்தப் பெருக்குத்தொகை பட்டியலின் கடைசி எண்ணைவிடச் சிறியது. தன்னைவிடச் சிறிய எதற்கும் 10080 வகுத்திகள் இல்லை என்பதால்தானே கடைசி எண் பட்டியலில் இருக்கிறது! ஆகவே அப்படிப்பட்ட போட்டி எண் இருக்க முடியாது.

23 இருந்தால் கொஞ்சம் பாடுபட வேண்டும். இங்கே ராமானுஜன் சொன்ன ஒரு விதி உதவுகிறது. சிறிய பகா எண்ணுக்குத்தான் பெரிய அடுக்கு போக வேண்டும், நடுவில் எந்தப் பகா எண்ணையும் தாண்டக்கூடாது. காரணம் எளிது. 2 × 3² = 18, 2² × 3 = 12; இரண்டுக்கும் 6 வகுத்திகள். அடுக்கை இடம் மாற்றினால் வகுத்திகள் அப்படியே இருக்க எண் மட்டும் சிறிதாகிறது. அதேபோல 2 × 5-க்குப் பதில் 2 × 3. எனவே போட்டி எண்ணில் 23 இருந்து நடுவில் ஏதோ ஒரு பகா எண் இல்லையென்றால், 23-க்குப் பதில் அதைப் போட்டுவிடலாம். எண் இன்னும் சிறிதாகி 23 இல்லாத வகைக்குப் போய்விடும். அந்த வகையைத்தான் ஏற்கெனவே ஒழித்தாயிற்று. மிச்சம், 2 முதல் 23 வரை ஒன்பது பகா எண்களும் உள்ளவை மட்டும்.

அந்த ஒன்பதையும் பெருக்கினால் 223092870. நம் எண்ணை இதனால் வகுத்தால் 1314-க்குச் சற்று மேல் வருகிறது. அதாவது போட்டி எண் என்பது 223092870-ஐ 1 முதல் 1314 வரை ஏதோ ஒரு முழு எண்ணால் பெருக்கியதாகத்தான் இருக்க வேண்டும். கோடிக்கணக்கில் தேட வேண்டியிருந்தது 1314-க்குள் வந்து அடங்கிவிட்டது. அதிலும் அடுக்குகள் இறங்குவரிசையில் அமைபவை சொற்பம்.

ஒன்றை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். 1260 = 2² × 3² × 5 × 7. இதை அந்த ஒன்பதோடு சேர்த்தால் 2³ × 3³ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. வகுத்திகள் 4 × 4 × 3 × 3 × 32 = 4608. போதவில்லை. 1296-க்கும் 4608. 1200-க்கும் 4608. 1152, 1008, 960 எல்லாவற்றுக்கும் அதே 4608! மாற்றி மாற்றிப் போட்டாலும் ஒரே விடை வருகிறதே என்று நோட்டைத் தலைகீழாகப் பார்த்தேன். 1280-க்கு 3840 தான். 29-ஐயும் சேர்த்துக்கொண்டால் மீதி இடம் 45 வரைதான். அதில் சிறந்தது 36, அதுவும் 4096-ஐத் தாண்டவில்லை. 31 வரை போனால் பகா எண்களின் பெருக்குத்தொகையே 20,056 கோடி ஆகிவிடுகிறது, வகுத்திகள் வெறும் 2048. எல்லாவற்றிலும் உயர்ந்தது 1080-க்கு வரும் 4800. அதுதான் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் 240940299600.

5040-ஐ ஒன்றும் எட்டவில்லை. 900-க்குக் கீழே 864, 840, 720 மூன்றையும் போட்டு வைத்திருக்கிறேன்: 4480, 4320, 4608. நம்பாதவர்கள் விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று 1314 வரை தேடிப் பார்க்கலாம். ரஃப் நோட்டில் நாலு பக்கம் போதும்.